பெட்ரோல் குடித்த ரப்பர்

வீட்டு பைக் மேடு ஏறும்போது திக்குகிறது என்று மாமனார் சொன்னபோது, டேங்குக்குள் இருக்கிற ஃபில்டர்தான் அடைத்திருக்கும் என்று முதலில் சொன்னவன் சின்ன மாப்பிள்ளை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். மாமனார் "ம்" என்றார். "பெரியவர் லீவுல வராரில்ல, வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பெரியவர் என்றால் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளைக்குச் சகலை. தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். சின்னவன் ஜெனரேட்டர் மெக்கானிக். நாள் முழுக்கப் பெட்ரோலிலும் டீசலிலும் ஊறிக்கிடக்கிற கை அவனுடையது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாமியார் "கை நல்லா கழுவினீங்களா?" என்று கேட்பாள். ஆனால் அந்தக் கையை நம்பி ஒரு குழாயைக்கூட யாரும் திருப்பச் சொன்னதில்லை. அவனும் அவன் மனைவியும் அந்த வீட்டு மாடி அறையில்தான் இருந்தார்கள். தினமும் கண்ணில் படுகிறவனுக்கு என்ன மதிப்பு? எப்போதாவது வருகிறவர் வந்தால்தான் வீட்டுக்கு விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

பெரியவர் மனைவியோடு வந்தார். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் திருகி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி.

"டேங்குக்குள்ள ஃபில்டர் அடைச்சிருக்கு மாமா."

"பாத்தியாடி!" என்று மாமனார் மாமியார் பக்கம் திரும்பினார். "இன்னும் செருப்பைக் கழட்டல, அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாரு."

சின்னவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பெரியவரின் பை அவன் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். பை கனமாக இல்லை. ஆனாலும் தொப்பென்று போட்டான்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. வீட்டின் பக்கவாட்டில் தகரம் போட்ட ஒரு சின்ன இடம், அங்கேதான் வண்டி நிற்கும். சமையலறை ஜன்னல் நேராக அதன்மேல் திறக்கும். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். புது ஃபில்டர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் ஏற்கெனவே வந்து, ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதையும் வரும்போதே வாங்கி வந்துவிட்டார் போல, எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிற ஆள்தானே என்று சின்னவன் நினைத்தான்.

"டேங்கைப் புடிங்க சகலை" என்றார் பெரியவர்.

சீட்டைக் கழற்றி, ஒயரை உருவி, பெட்ரோல் குழாயை விடுவித்து, இரண்டு பேருமாக டேங்கைத் தூக்கினார்கள். உள்ளே இருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தபோது கலங்கலாக, துருப்பொடியோடு வந்தது.

"காபி மாதிரி இருக்கு மாமா" என்றார் பெரியவர். "இதைத்தான் இத்தனை நாளா பாவம் அந்த வண்டி குடிச்சுச்சு. இதை மறுபடி உள்ள ஊத்த வேண்டாம்."

"நீங்க சொன்னா சரி மாப்ள."

மாமனார் பெரியவரை மாப்ள என்பார். சின்னவனைத் தம்பி என்பார். பால் போடுகிறவனும் தம்பிதான், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனும் தம்பிதான். கல்யாணம் ஆன புதிதில் இது மரியாதை என்றுதான் சின்னவன் நினைத்திருந்தான்.

பழைய போர்வையை விரித்து டேங்கைக் கவிழ்த்து வைத்தார்கள். அடிப்பக்கத்தில் சாய்வாக ஒரு மூடி. அதைச் சுற்றி போல்ட்டுகள். பெரியவர் அவற்றைக் கழற்றி மூடியைப் பிடித்து மெல்ல இழுக்க, பம்பும் ஃபில்டரும் சேர்ந்தாற்போல் வெளியே வந்தன. மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் இருந்த கறுப்பு ரப்பர் ரிங்கை விரலால் நெம்பி எடுத்துக் காய்ந்த துணிமேல் வைத்தார்.

"புது ரிங் கடையில இல்லையாம். பழசு நல்லாத்தான் இருக்கு, இதையே போட்டுக்கலாம். சகலை, நான் ஃபில்டரை மாத்தறேன். நீங்க மத்ததை எல்லாம் கழுவிக் குடுங்க. உங்க கை சுத்தமா செய்யும்."

கழுவுகிற வேலை.  சின்னவன் பாட்டிலில் இருந்த சுத்தமான பெட்ரோலைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, பிரஷை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வலைத்துணி, கிளிப்பு, போல்ட்டு என்று ஒவ்வொன்றாகக் கழுவினான்.

அப்போது அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். மேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அன்றைக்கு மதிய ஷிப்ட். தலையைத் துவட்டிவிட்டு வந்திருந்தாள். முதல் டம்ளர் அத்தானுக்கு. அக்கா புருஷனை அப்படித்தான் அவள் கூப்பிடுவாள். அந்த 'அத்தான்' ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு, வெல்லம் தடவின மாதிரி வரும். இவனை 'ஏங்க' என்பாள். சில நாள் அதுவும் இல்லை, "இந்த லைட்டை அணைச்சா தேவலை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"போன வாரம் ஒரு ஆளு ஏறினாரும்மா" என்று பெரியவர் ஆரம்பித்தார். "எனக்கு நேர் பின் சீட்டு. கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின்ல ஒரு சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... எனக்குன்னா பயம். ஓரங்கட்டி இறங்கி, முன்னாடி தொறந்து, டார்ச்சடிச்சுப் பாக்கறேன், ஒண்ணுமில்ல. சத்தமும் நின்னுபோச்சு. ஏறி உக்காந்து எடுக்கறேன், மறுபடி கர்ர்ர்."

"குறட்டையா அத்தான்?"

"கேளு. கண்டக்டர் அந்தாளைத் தட்டி எழுப்பினா, அவரு கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துக் கேக்கறாரு, 'என்ன டிரைவரே, வண்டி அடிக்கடி நிக்குது? பராமரிப்பே சரியில்லையா?'"

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, தட்டில் டீ தளும்பிச் சிந்துகிற மாதிரி சிரித்தாள். மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டார். சமையலறை ஜன்னலில் இருந்து அக்காவும் மாமியாரும் சிரித்தார்கள். மாடி அறையில் அவள் இப்படி ஒரு நாள் சிரித்திருக்கிறாளா? சின்னவன் யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. ஒருமுறை அவன் கட்டிலில் கால் இடித்துக்கொண்டபோது சிரித்தாள். அது வேறு சிரிப்பு.

அந்த நேரத்தில் அவன் கை தானாக வேலை செய்துகொண்டிருந்தது. துணிமேல் இருந்ததையெல்லாம் வாரி எடுத்துத் தட்டில் போட்டது. ரப்பர் ரிங்கையும் சேர்த்து.

அவனுக்கான டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். டீ ஆறியிருந்தது. குடித்துவிட்டு, பெரியவரின் அடுத்த கதையையும் அதற்கடுத்த கதையையும் கேட்டான். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தான். கடைசியில் ரிங் கையில் வந்தபோதுதான் திக்கென்றது.

ரிங் கொழகொழவென்று இருந்தது. வளர்ந்திருந்தது.

சில ரப்பர் அப்படித்தான். பள்ளத்தில் இறுகியிருக்கும்வரை ஒன்றும் ஆகாது, வெளியே எடுத்தபின் பெட்ரோலைக் குடித்தால் ஊதிப்போகும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பயப்பட ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். கொடியில் தொங்கவிட்டால், வெயிலும் காற்றும் பட்டு மெல்லப் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 'தெரியாம பெட்ரோல்ல போட்டுட்டேன், காயட்டும்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் எதிரில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பெரியவர் இதை ஒரு கதையாக்குவார் என்று அவனுக்குத் தெரிந்தது. 'எங்க சகலை மெக்கானிக்குதான், ஆனா ஒருநாள் என்ன பண்ணாரு தெரியுமா...' என்று ஊர் ஊராகப் பேருந்தில் அந்தக் கதை போகும். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது எந்தச் சிரிப்பாக இருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ரிங்கைத் துடைத்து அப்படியே நீட்டினான்.

பெரியவர் அதைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் எழுந்துகொண்டது. "என்ன சகலை இது, எடுக்கும்போது கச்சிதமா இருந்துச்சு. இப்ப அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்த பொண்ணு மாதிரி பூரிச்சுப் போயிருக்கு?"

மாமனார் சிரித்தார். சின்னவன் சிரிக்கவில்லை.

"ரப்பர்தானே. அமுக்கினா உக்காந்துடும்" என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே அவன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. பெரியவர் அதை நம்பினார். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுற்றிச் சுற்றி அமுக்கினார். மூடியின் மேல் விளிம்புப் பக்கம் மட்டும் ரிங் மடிந்து ஒரு புடைப்பு நின்றது. அதன்மேலேயே மூடியை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி போல்ட்டுகளை முடுக்கினார். ரப்பர் நசுங்குகிற சத்தம் சின்னவன் காதில் மட்டும் விழுந்தது.

டேங்கை ஏற்றினார்கள். பாட்டிலில் மிச்சம் இருந்த சுத்தமான பெட்ரோலை ஊற்றினார்கள். பெரியவர் பட்டனை அழுத்த, வண்டி ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. தெருமுனைவரை ஒரு சுற்றுப் போய்வந்தார். திக்கல் இல்லை, திணறல் இல்லை.

"அத்தான் கை வெச்சா அவ்வளவுதான்" என்று ஜன்னலில் இருந்து மனைவியின் குரல் வந்தது.

சின்னவன் குனிந்து டேங்கின் அடியில் பார்த்தான். ஒரு துளி இல்லை. அவனுக்குக் காரணம் தெரியும். மூடி சாய்வாக இருப்பதால், இருக்கிற கொஞ்சப் பெட்ரோல் அதன் கீழ் விளிம்பில்தான் கிடக்கும், மடிப்பு இருக்கிற மேல் விளிம்பை எட்டாது. டேங்க் நிறைந்தால்தான் எட்டும். எட்டியதும் ஒழுகும்.

நிரப்பப் போகிறவர் யார்? பெரியவர்தான். வண்டியைச் சரி செய்தால் அவரே பெட்ரோல் பங்குக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்துவது வழக்கம். வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டுதான் போவார். சின்னவன் மனசுக்குள் அதைப் பார்த்தான். பங்கில் நாலு பேர் நடுவில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக அந்த வெள்ளை முழங்காலில் விழுகிறது. "சார், லீக்கு! லீக்கு!" என்று யாரோ கத்துகிறார்கள். பெரியவர் அசடு வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் வருகிறார். மாமனார் எழுந்து நிற்கிறார். அப்போது இவன் மாடியிலிருந்து சாவகாசமாக இறங்கி, ஒரு பார்வை பார்த்து, "ரிங் போச்சு, மாத்தணும்" என்கிறான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை.

அந்தக் காட்சியை வாய்க்குள் மிட்டாய் மாதிரி அடக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவினான். வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. போ ராசா, போ என்று நினைத்துக்கொண்டான்.

கையைத் துடைத்துக்கொண்டே துண்டோடு வெளியே வந்தால், பெரியவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வாய் நிறைய சோறு. அவர் கதைக்கு மாமனார் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டியை யாரு எடுத்தது?" என்றான்.

"உங்க வீட்டுக்காரிதான்" என்றாள் மாமியார். "ஷிப்டுக்கு நேரமாச்சாம். போற வழியிலயே டேங்க் ஃபுல் பண்ணிக்கறேன்னு போனா. கை கழுவினீங்களா? உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. துண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. குளியலறைச் செருப்போடு தெருவில் இறங்கி ஓடினான்.

ஓடிக்கொண்டே போனை எடுத்து அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் அவள் பைக்குள் இருக்கும், பை தோளில் இருக்கும், தலையில் ஹெல்மெட் இருக்கும். இஸ்திரிக் கடை, பள்ளிக்கூட மதில், பூட்டிய கிடங்கு எல்லாம் ஏன் இவ்வளவு நீளம்? தெரு முடிந்து திரும்பினால் பங்கு. பங்கைத் தாண்டினால் மேடு. மேட்டில் வண்டி முக்கும், இன்ஜின் கொதிக்கும், அதன்மேல்தான் டேங்க். ஜெனரேட்டர் ஒன்று அப்படித் தீப்பிடித்துக்கொண்டதை அவன் பார்த்திருக்கிறான். புஸ் என்று ஒரு சத்தம்தான் வரும். பெரிய சத்தம்கூட வராது. அவளுடைய யூனிஃபார்ம் என்ன துணி என்று திடீரென்று யோசித்தான். தொட்டாலே வழுக்குகிற துணி. நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்கிற துணி. ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுபோனது.

அவள் டேங்கை நிரப்பி மூடிவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளி ஏறி உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் பட்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அழுத்தாதே! ஏய், அழுத்தாதே!"

ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்கவில்லை. அவன் மேலே வந்து விழாத குறையாகச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். அவள் பதறி, கண்ணாடியைத் தூக்கி, "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

டப் என்று ஒரு துளி இன்ஜின்மேல் விழுந்தது. விழுந்த இடத்திலேயே ஆவியாகிக் காணாமல் போய், வாசனை மட்டும் எழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு நூல் பிடித்த மாதிரி.

"அக்கா, எறங்குங்க, எறங்குங்க!" என்று பங்குக்காரப் பெண் மணல் வாளியோடு ஓடிவந்தாள்.

மூன்று பேருமாக வண்டியைத் தள்ளி ஒதுக்குப்புறமாக நிறுத்தினார்கள். பங்குக்காரப் பெண் கேனும் குழாயும் கொடுத்தாள். ஒழுகல் நிற்கும்வரை பெட்ரோலை உறிஞ்சி வெளியே எடுத்தான். அவசரத்தில் பாதி கேனுக்கு வெளியே போனது. அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து அவனையே பார்த்தாள். செருப்பில்லாத காலைப் பார்த்தாள், ஈரக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் கல்யாணமான நாளிலிருந்து ஏங்கியிருந்தான். இப்போது அது கிடைத்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"

"சந்தேகமா இருந்துச்சு."

"சந்தேகமா?"

"இரு, மூச்சு வாங்குது" என்றான்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வேறொருத்தியை அந்த ஷிப்டுக்கு நிற்கச் சொன்னாள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். 

வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னதும் பெரியவர் வேறு எதையும் விசாரிக்காமல் டேங்கை இறக்கி மூடியைக் கழற்றினார். ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மடிந்த இடத்தில் பாதி அறுந்திருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் தப்புதான் மாமா. சரியா உக்காரலைன்னு கண்ணால பாத்தேன். பாத்தும் போல்ட்டைப் போட்டேன். ஒரு பஸ் ஜனத்தை வெச்சு ஓட்டறவன் பண்ற காரியமா இது?"

"விடுங்க மாப்ள" என்று மாமனார் அவர் தோளில் கை வைத்தார். "யாருக்கும் நடக்கறதுதான். வேணும்னா செஞ்சீங்க?"

மாமியார் தண்ணீர் கொண்டுவந்து பெரியவருக்குக் கொடுத்தாள். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஒண்ணும் ஆகலையே அத்தான், நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றாள் சின்னவன் மனைவியும்.

சின்னவன் ஒற்றைச் செருப்போடு ஓரமாக நின்றான். ஓடியவன் அவன். தாகம் அவனுக்கு. ஒரு வாய்த் தண்ணீர் அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதுகூடப் போகட்டும். தப்பு அவனுடையது. அந்தத் தப்புக்குக் கிடைக்கிற ஆறுதலையும் அந்த ஆள்தான் வாங்கிக்கொண்டு நிற்கிறார். செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கண் கலங்கி, இன்னும் ஒரு படி மேலே போய் நிற்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பொறுக்க முடியவில்லை. நேர்மையோ பயமோ இல்லை அது. வயிறுதான் எரிந்தது.

"ரிங்கைப் பெட்ரோல்ல போட்டது நான்" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கழுவறப்ப தெரியாம போட்டுட்டேன். அதான் ஊதிப்போச்சு. அது உக்காராதுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன மாப்ள இது?" என்றார் மாமனார்.

மாப்ள. இத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை, வந்த நேரத்தைப் பார்.

அவன் மனைவி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "அமுக்கினா உக்காந்துடும்னு சொன்னீங்களே" என்றாள். "ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன், காதுல விழுந்துச்சு. பங்குல அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"நீ எடுத்துட்டுப் போவேன்னு நான் நெனைக்கல. அவருதான் போவாருன்னு..."

பாதியில் நிறுத்தினான். நிறுத்தியதில் பிரயோஜனம் இல்லை.

"அப்ப என் புருஷன் எரிஞ்சா பரவால்லையா?" என்றாள் அக்கா.

 பெரியவர் எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். "நான் எரிஞ்சா, பஸ் கம்பெனிக்காரன் அதுக்கும் லீவ் லெட்டர் கேப்பான்" என்றார். முதல் தடவையாக அந்த வீட்டில் அவர் கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மாடி அறையில் அவள் யூனிஃபார்மை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் கதவருகிலேயே நின்றான்.

"அத்தான் மேல உங்களுக்கு என்னதான் கோபம்?"

"கோபம் இல்ல."

"பின்ன?"

அவன் ஜன்னல் கம்பியைச் சுரண்டினான். "ஃபில்டர் அடைச்சிருக்குன்னு முதல்ல சொன்னது நான். யாரு காதுலயும் விழல. அதையே அவரு வந்து சொன்னா, ஊரே கைதட்டுது. நீயும்தான். அவரு கதைக்கு அப்படி சிரிக்கற."

"கதை சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சேன். நீங்க ஒரு கதை சொல்லுங்க, சிரிக்கறேன். வாயையே தொறக்காம மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்தா, எதைப் பாத்து சிரிக்கறது?" அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்புறம், யாரு காதுலயும் விழலைன்னு சொல்லாதீங்க. அந்த ஃபில்டரை யாரு வாங்கினதுன்னு நெனச்சீங்க?"

"அவருதான்..."

"நான். நீங்க சாப்பிடறப்ப சொன்னீங்களே, அதுக்கு மறுநாளே டியூட்டி முடிஞ்சு கடைக்குப் போயி வாங்கினேன். ரிங்கும் கேட்டேன், இல்லைன்னுட்டான். நீங்க பாத்து எடுத்து மாட்டுவீங்கன்னு ஜன்னல்ல வெச்சேன். அது பாட்டுக்கு அங்கயே கெடந்துச்சு. அப்பா கூப்பிடட்டும், அப்பா கெஞ்சட்டும்னு நீங்க இருந்தீங்க. அத்தான் வந்து எடுத்துட்டாரு."

அவன் கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். அட்டைப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்ததே, நேற்று வாங்கி வந்ததில் எப்படித் தூசி இருக்கும்? கண்ணுக்கு எதிரே இருந்தது. பார்க்கவில்லை. அதைப் பார்க்கவேண்டிய கண் முழுக்கச் சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் வேணும்னு செய்யல" என்றான்.

"முதல்ல வேணும்னு செய்யல. அப்புறம் செஞ்சீங்க" என்றாள். 

மறுநாள் விடிந்ததும் அவன் கிளம்பிப் போனான். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில் புது ரிங் கிடைத்தது. அதைத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான்.

தகரத்தடியில் போர்வை விரித்து டேங்கைக் கவிழ்த்தான். மாமனார் நாற்காலி போட்டு உட்கார வரவில்லை. பெரியவர் மட்டும் டம்ளரோடு வந்து தள்ளி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அக்கா உள்ளே இருந்து கூப்பிட்டாள். "இங்கதான் இருக்கேன்" என்றாரே தவிர எழுந்து போகவில்லை.

அவன் மனைவி வந்து கையைக் கட்டிக்கொண்டு நேர் எதிரே நின்றாள். அவன் வேலை செய்வதை அவள் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெச்சுவதற்காக நிற்கவில்லை. ஆபரேஷன் அறையில் கத்தி, பஞ்சு எல்லாம் எண்ணிக்கையில் சரியாக இருக்கிறதா என்று காவல் நிற்பார்களே, அந்த மாதிரி நின்றாள்.

பள்ளத்தைக் காய்ந்த துணியால் துடைத்தான். கையையும் துடைத்தான். ரிங்கைச் சுற்றிலும் விரலால் தடவிப் படிய வைத்தான். எங்கும் எழவில்லை. மூடியை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். டேங்கை ஏற்றும்போது ஒரு பக்கம் கை போதவில்லை. நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் புடிங்க" என்றான்.

அதுவரை அவன் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பெரியவர் வந்து பிடித்தார்.

வரும் வழியில் அவன் பங்கில் கேன் நிறைய வாங்கி வந்திருந்த பெட்ரோலை விளிம்பு வரை ஊற்றினார்கள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் குனிந்து, மூடியைச் சுற்றி ஒரு விரலால் மெல்லத் தடவினாள். மேல் விளிம்பில் நிறுத்தி நிதானமாகத் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள். பிறகு அந்த விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இருக்கா?"

"இல்ல."

"நெஜமா சொல்லுங்க."

"பெட்ரோல் வாசனை இல்ல. சோப்பு வாசனைதான் இருக்கு."

"எனக்கும் ஒரு தடவை காட்டும்மா" என்றார் பெரியவர். "உன் புருஷன் மூக்கை நம்பலாம், வாயைத்தான் நம்ப முடியாது. 'அமுக்கினா உக்காந்துடும்'னு சொல்லும்."

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அதே சிரிப்பு. விரலை நீட்டிக்கொண்டு அத்தானிடம் போனாள்.

சின்னவனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. நேற்று அத்தனை நடந்த பிறகும் அது போகவில்லை. அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.